தொண்டு நிறுவனங்களில் களவேலை செய்யும் பெண்களின் பாதுகாப்பு: உங்கள் அலுவலகத்தில் உண்மையில் பயன்பட்ட ஏற்பாடுகள் எவை?

மணற்காடு

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உள்ள ஓர் உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு நிதி தருவது ஐரோப்பாவில் தலைமையகம் உள்ள ஒரு சர்வதேச நிறுவனம். பாலியல் சுரண்டலையும் துன்புறுத்தலையும் தடுக்கும் கொள்கையைப் புதுப்பித்துத் தருமாறு இந்த வருடம் கேட்டிருக்கிறார்கள். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பழைய ஆவணத்தின் திகதியை மாற்றி அனுப்பினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் கள உத்தியோகத்தர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பல்கலைக்கழகம் முடித்து அரச நியமனத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், அல்லது கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். செயற்திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த திட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்பதை ஒருங்கிணைப்பாளர் ஒருவரே தீர்மானிக்கிறார். களப்பயண அட்டவணையைப் போடுபவரும் அவர்தான், எரிபொருள் கொடுப்பனவில் கையெழுத்திடுபவரும் அவர்தான், முறைப்பாட்டை முதலில் வாசிப்பவரும் அவர்தான். அவர் நேர்மையானவராக இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் கொள்கையில் ஒரு வரி கூட இல்லை.

வருடத்துக்கு ஒரு பயிற்சிப் பட்டறை வைக்கிறோம், எல்லோரும் கையெழுத்திடுகிறோம், சுவரில் சுவரொட்டி ஒட்டுகிறோம். ஆனால் ஒரு பெண் பாதுகாப்பாக இருக்கிறாளா என்பதை முடிவு செய்பவை வேறு: அவளது ஒப்பந்தம் யார் கையில், அவள் எந்த வாகனத்தில் யாருடன் போகிறாள், அவள் எழுதும் கடிதம் யாருடைய மேசைக்குப் போகிறது. இந்த மூன்றையும் தொடாத எந்தக் கொள்கையும் எனக்குத் தேவையில்லை.

ஆகவே கேட்கிறேன்: உங்கள் அலுவலகத்தில் எது பயன்பட்டது, எது பயன்படாமல் போனது? நிறுவனங்களின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுத வேண்டாம். யாழ்ப்பாணம் சிறிய இடம், பாதிக்கப்பட்டவரை ஊர் உடனே அடையாளம் கண்டுவிடும்.

குறிகட்டுவான்

அக்கா, நான் தீவகத்தில் களவேலை செய்கிறேன். நெடுந்தீவுக்குப் போனால் திரும்பும் நேரத்தை நாங்கள் தீர்மானிக்க முடியாது. காற்று எழும்பிவிட்டால் பின்னேரப் படகு ஓடாது. முன்பு வேலை செய்த இடத்தில் ஒருநாள் அப்படி மறிபட்டபோது, எங்கே தங்குவது என்று அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டேன். “உமக்குத் தெரிந்த ஆட்கள் அங்கே இல்லையா?” என்று திருப்பிக் கேட்டார்கள். கிராம அலுவலரின் உதவியால் ஒரு குடும்பத்துடன் அன்றிரவு தங்கினேன். அந்த வீட்டு அம்மா தன் மகளைப் போல என்னைப் பார்த்துக்கொண்டார். அது என் அதிர்ஷ்டம். அதில் நிறுவனத்தின் ஏற்பாடு எதுவும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு முடிவு எடுத்தார்கள். இனிப் பெண் உத்தியோகத்தர்களை நெடுந்தீவுக்கு அனுப்புவதில்லை, காரணம் பாதுகாப்பு. இதனால் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் பாகுபாடாகப் பார்ப்பதில்லை. களக் கொடுப்பனவு ஆண்களுக்குப் போனது. மூத்த கள உத்தியோகத்தர் பதவிக்கு விண்ணப்பம் கோரியபோது தூரப் பிரதேச அனுபவம் கேட்டார்கள். எங்களில் ஒருத்திக்கும் அது இருக்கவில்லை. நெடுந்தீவுப் பெண்களுக்கும் நட்டம்தான். ஓர் ஆண் உத்தியோகத்தர் குறிப்புப் புத்தகத்துடன் இருக்கும் கூட்டத்தில், வீட்டில் அடி வாங்குகிறேன் என்று எந்தப் பெண் எழுந்து சொல்வாள்?

இப்போது இருக்கும் நிறுவனத்தில் இருவராகத்தான் போகிறோம், ஒருவராவது பெண். தங்குமிடம் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கான பணம் வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாக இருக்கிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் முன்மொழிவு எழுதும்போதே அந்த வரியைச் சேர்க்க வேண்டும்; திட்டம் தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

ஆபத்து இருக்கிறது, அதனால் பெண்கள் போக வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தென்மராட்சியான்

என் கருத்து கொஞ்சம் வேறு. நானும் இத்துறையில் ஒருங்கிணைப்பாளராக இருப்பவன். கெட்டவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கொள்கைகள் எல்லாம் வேறு நாடுகளில் நடந்தவற்றுக்காக எழுதப்பட்டு, நிதியுடன் சேர்த்து எங்கள் மீது சுமத்தப்படுபவை. எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை வேலைக்குப் போகும் இடத்தில் இப்படி ஒரு பேச்சு எழுந்தால் பெற்றோர் அடுத்த நாளே வேலையை நிறுத்திவிடுவார்கள். முறைப்பாடு பற்றி அதிகம் பேசினால் பெண்கள் இத்துறைக்கு வருவதே குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பெயர் இல்லாத ஒரு கடிதம் ஒரு மனிதனின் வாழ்க்கையை அழித்துவிடும். அதைப் பற்றியும் உங்கள் கொள்கை பேச வேண்டும்.

வல்லைவெளி

தம்பி, நான் சுனாமிக்கு முன்பிருந்தே இந்த வேலையில் இருக்கிறவள். நீங்கள் சொன்ன முதலாவது விடயத்துக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

இந்த விதிகள் வந்த வரலாறு இது. 2002ஆம் ஆண்டு மேற்கு ஆபிரிக்காவில் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளின் அகதி முகாம்களில், அரிசிக்கும் எண்ணெய்க்கும் பதிலாகச் சிறுமிகள் சுரண்டப்படுவதை ஐ.நா. அகதிகள் முகவரகத்துக்காகவும் சேவ் த சில்ரன் நிறுவனத்துக்காகவும் செய்யப்பட்ட ஆய்வு வெளியே கொண்டுவந்தது. சுரண்டியவர்களில் நிவாரணம் கொடுத்தவர்களே இருந்தார்கள். அதன் பிறகுதான் 2003 ஒக்டோபரில் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் சுற்றறிக்கை வந்தது. பணம், வேலை, பொருள், உதவி எதையும் பாலியல் இணக்கத்துக்கு மாற்றாகக் கொடுக்கக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவருடன் எந்தப் பாலியல் உறவும் கூடாது, அந்த நாட்டுச் சட்டத்தில் வயதெல்லை குறைவாக இருந்தாலும் கூடாது. சக ஊழியர்மீது சந்தேகம் எழுந்தால் அறிவிக்க வேண்டியது கடமை. இதில் எந்த வரி எங்கள் ஊருக்குப் பொருந்தாது என்று சொல்லுங்கள்.

வேறு நாட்டுப் பிரச்சினை என்று நாங்கள் சொல்லவே முடியாத ஒரு காரணமும் உண்டு. ஹெயிட்டியில் ஐ.நா. அமைதிப்படையில் கடமையாற்றிய இலங்கைப் படையினர் நூறுக்கும் மேற்பட்டோர் 2007இல் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சிறுவர்கள் இருந்தார்கள். 2017இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அந்தக் கோப்புகளைத் தேடி எடுத்து எழுதியபோது, ஒருவரும் சிறைக்குப் போகவில்லை என்பது உலகத்துக்குத் தெரிந்தது. உதவி செய்யப் போனவர்கள் என்ற பெயரோடு போனவர்கள் அவர்கள். இந்த மண்ணில் அதே சீருடையின் கீழ் வாழ்ந்த எங்களுக்கு அந்தச் செய்தியின் கனம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுனாமி முகாம்களை நான் கண்ணால் பார்த்தேன். மலசலகூடம் ஒரு மூலையில், வெளிச்சம் இல்லை, கதவுக்குக் கொழுக்கி இல்லை. உள்ளாடைகளையும் மாதவிடாய்த் துணிகளையும் வரிசையில் நின்று ஆண்களிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பெண்கள் குளிக்க இருட்டும்வரை காத்திருந்தார்கள். அந்த நாட்களிலேயே பெண்கள் அமைப்புகள் கூட்டாகச் சேர்ந்து முகாம்களில் நடந்த வன்முறைகளைப் பதிவு செய்தன. அவர்களை அனுப்பியது எந்த வெளிநாட்டு அலுவலகமும் இல்லை. அதற்கும் முன்னால், போரின் நடுவே, 1980களில் யாழ்ப்பாணத்தில் ‘பூரணி’ பெண்கள் நிலையம் இயங்கியது. 1989 செப்டெம்பரில் கொல்லப்பட்ட மருத்துவர் ராஜினி திராணகம அதில் முன்நின்று உழைத்தவர். பெண்ணின் பாதுகாப்பைப் பற்றிய சிந்தனை நிதியோடு இறக்குமதியானது என்று சொல்லும்போது அவர்களது உழைப்பை நாங்கள் அழித்துவிடுகிறோம்.

பெற்றோர் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்பது உண்மைதான். எனக்கும் அது தெரியும். ஆனால் பெற்றோர் பயப்படுவது முறைப்பாட்டுக்கு அல்ல. முறைப்பாடு செய்த பிள்ளையை ஊர் எப்படிப் பேசும் என்பதற்கு. அதை மாற்றுவது எங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆனையிறவு

நான் சாரதி. நிறுவன வாகனம் ஓடி ஏ9 வீதி முழுக்க எனக்கு மனப்பாடம். இந்த இழையில் வாகனம் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

களத்துக்குப் போய்த் திரும்பும்போது கடைசியாக யாரை இறக்குகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் மேலாளர் ஒருவர், தன் வீடு நகரத்திலேயே இருந்தும், எல்லோரையும் இறக்கிவிட்டு ஓர் இளம் உத்தியோகத்தரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, வேறு வேலை இருக்கிறது, சுற்றிப் போவோம் என்பார். இரண்டாம் முறை அப்படிச் சொன்னபோது நான் அந்தத் தங்கையின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். மறுநாள் நிர்வாக உத்தியோகத்தரிடம் சொன்னேன். அந்த அம்மா அவரைக் கேள்வி கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரமே ஓர் எழுத்து உத்தரவு வந்தது: இருட்டிய பிறகு பெண் ஊழியர்களை முதலில் இறக்க வேண்டும், ஓட்டப் பதிவேட்டில் இறக்கிய நேரமும் இடமும் எழுத வேண்டும், பாதையை மாற்றுவதென்றால் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்தக் காகிதம் வந்தபின் நான் யாரோடும் வாக்குவாதப்பட வேண்டியிருக்கவில்லை. உத்தரவு இருக்கிறது ஐயா என்று சொன்னால் போதும்.

எத்தனையோ பட்டறைகள் நடந்திருக்கின்றன. சாரதிகளை அழைத்ததில்லை, வெளியே வாகனத்தில் காத்திருக்கச் சொல்வார்கள். எங்கள் கண்முன்னால் நடப்பவை ஏராளம். சாரதிகளிலும் பிழையானவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் விதி தெரிய வேண்டும். மணற்காடு தங்கச்சி, சாரதிகளையும் காவலாளிகளையும் சமையல் செய்யும் அம்மாவையும் கூப்பிட்டு வைத்துத் தமிழில் சொல்லுங்கள்.

மணற்காடு

அண்ணா, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். ஓட்டப் பதிவேட்டு விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பட்டறைக்கு உங்களைப் போன்றவர்களை அழைப்பதை ஆலோசனையாக எழுதாமல் கட்டாயமாகவே எழுதுவேன்.

உடுத்துறை

நீங்கள் எல்லோரும் ஊழியர்கள். நான் உங்கள் பட்டியலில் ‘பயனாளி’. எங்கள் கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறேன். சுனாமி, இடம்பெயர்வு, மீள்குடியேற்றம் எல்லாம் கண்ட கரை எங்கள் வடமராட்சி கிழக்கு. எத்தனையோ நிறுவனங்களின் வாகனங்கள் வந்து போய்விட்டன.

வீட்டுத்திட்டப் பட்டியல் தயாராகும் காலம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெயர் வரவேண்டும் என்றால் புள்ளி வேண்டும். புள்ளி போடுபவர் களத்துக்கு வருபவர். வீட்டில் ஆண் இல்லாத பெண்களின் பெயர் முன்னால் வர வேண்டும் என்பது விதி. அதனால் அந்தப் பெண்கள் யார், எங்கே தனியாக இருக்கிறார்கள் என்ற விபரம் முழுவதும் அவர் கையில். தொலைபேசி இலக்கமும் அவர் கையில். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிள்ளைக்கு இரவில் அழைப்பு வரத் தொடங்கியது. ஒரு படிவத்தில் கையெழுத்து விடுபட்டிருக்கிறது, பின்னேரம் தனியாக வரச் சொன்னார். அவள் என்னிடம் வந்து அழுதாள். இருவரும் சேர்ந்து போனோம். கையெழுத்து எதுவும் விடுபட்டிருக்கவில்லை.

முறைப்பாட்டுப் பெட்டி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. பொதுநோக்கு மண்டப வாசலில், எல்லோரும் பார்க்கும் இடத்தில். யார் பெட்டிக்குக் கிட்டப் போனாலும் ஊர் அறியும். சாவி அந்த உத்தியோகத்தரிடம் இருந்தது. மேலே ஒட்டியிருந்த இலக்கம் கொழும்புக்குப் போகும். எடுப்பவருக்குத் தமிழ் தெரியாது. கடைசியில் நாங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போனோம். அவர்தான் நிறுவனத்துடன் பேசினார். அந்த ஆளை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். மாற்றினால் அங்கே இருக்கும் பெண்களுக்கு என்ன பாதுகாப்பு என்று நான் கேட்டேன், பதில் வரவில்லை.

நுண்கடன் கதையும் இதோடு சேர்ந்ததுதான். பெண்களை வலுவூட்டுகிறோம் என்று சொல்லிப் பெண்கள் குழுக்களுக்கே கடன் கொடுத்தார்கள். கிழமைதோறும் வசூலிக்க வீட்டு வாசலுக்கு ஆள் வந்தது, இருட்டிய பிறகும் வந்தது. 2018இல் ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தபோது, கடன் வசூலிப்பவர்கள் பெண்களிடம் பாலியல் இணக்கம் கேட்பது வரை போவதைத் தன் அறிக்கையில் எழுதினார். அதே வருடம் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்தது. பணம் தள்ளுபடியானது. வாசலில் நின்று பேசிய பேச்சுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

கச்சேரியடி

சட்டத்தரணியாக இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நிறுவனத்தின் உள் விசாரணை என்பது சட்டத்துக்கு மாற்று அல்ல. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்கியிருக்கிறது. ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும், நட்டஈடும் கட்டளையிடலாம். அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ விரும்பத்தகாத பாலியல் அணுகுமுறை காட்டுவதும் அதில் அடங்கும். வேலைத்தளத்தில் மட்டும் என்று இல்லை, வேறு இடத்திலும்தான் என்று பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆகவே வாகனம், படகு, விடுதி, கருத்தரங்கு மண்டபம் எதையும் அலுவலகத்துக்கு வெளியே நடந்தது என்று தள்ளிவிட முடியாது.

உடுத்துறை அக்கா சொன்னதில், சம்பந்தப்பட்டவர் அரச உத்தியோகத்தராக இருந்தால் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இணக்கத்தையும் இலஞ்சமாகக் கொள்கிறது. முறைப்பாடு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் யாழ்ப்பாணத்தில் அலுவலகங்கள் இருக்கின்றன. பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு முன்னிலையாகும்.

கொள்கையில் ஒரு வரி வேண்டும்: பாதிக்கப்பட்டவர் பொலிசுக்குப் போவதை நிறுவனம் தடுக்காது, போகும்படி கட்டாயப்படுத்தவும் மாட்டாது, போனால் வாகனமும் சம்பளத்துடன் விடுமுறையும் தரும். முடிவெடுக்கும் உரிமை அவருடையது. ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர் சம்பந்தப்பட்டிருந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே அறிவிக்க வேண்டும்.

பனிக்காலம்

யாழ்ப்பாணத்தவன், இப்போது சுவிற்சர்லாந்தில் ஒரு நிறுவனத்தின் தலைமையகத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். உடுத்துறை அக்கா கேட்ட கேள்வி, மாற்றினால் அடுத்த மாவட்டத்துப் பெண்களுக்கு என்ன பாதுகாப்பு என்பது, இந்தத் துறை முழுவதும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஹெயிட்டியில் ஒக்ஸ்பாம் என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் நடந்துகொண்ட விதம் 2018 பெப்ரவரியில் வெளியானது. அங்கே 2011இல் பதவி விலக விடப்பட்ட நாட்டுப் பணிப்பாளர், பின்னர் வங்கதேசத்தில் இன்னொரு சர்வதேச நிறுவனத்தில் பொறுப்பேற்றிருந்தார். அவரைப் பற்றி அந்த நிறுவனத்தை யாரும் எச்சரிக்கவில்லை. அதன் விளைவாக 2019இல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. வேலைக்கு எடுக்கும் நிறுவனம், விண்ணப்பதாரரின் கடந்த ஐந்து வருட எசமானர்களிடம், பாலியல் துன்புறுத்தலோ சுரண்டலோ விசாரணையில் நிரூபிக்கப்பட்டதா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் பல சேர்ந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருக்கும் உள்ளூர் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று இதைச் செய்யத் தொடங்கினால், ஓர் அலுவலகத்தில் விலக்கப்பட்டவர் அடுத்த தெருவில் உள்ள அலுவலகத்தில் கதிரை போட முடியாது.

தலைமையகத்திலிருந்து பார்க்கும்போது எனக்குத் தெரிந்த பெரிய தடை வேறு. முறைப்பாடு வந்தவுடன் நிதி வழங்குநர் பணத்தை நிறுத்திவிடுவார் என்ற பயம். பணம் நின்றால் முப்பது பேரின் வேலை போகும், கிராமத்துக்குக் கிணறு வராது. பழி யார்மேல் விழும்? வாய் திறந்த பெண்மேல். 2025இல் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்ட பிறகு இந்தப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது; இருக்கும் வேலையைக் காப்பாற்றினால் போதும் என்ற நிலையில் யார் முறைப்பாடு எழுதுவார்கள்? ஆகவே நிதி வழங்குநருடனான ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள்: முறைப்பாட்டைத் தாமாக அறிவித்து ஒழுங்காக விசாரிக்கும் நிறுவனத்துக்கு அந்தக் காரணத்துக்காக நிதி நிறுத்தப்பட மாட்டாது, விசாரணைச் செலவையும் நிதி வழங்குநர் ஏற்பார். கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

வேலை என்பதே தூண்டிலாவதையும் மறக்க வேண்டாம். காங்கோ சனநாயகக் குடியரசில் 2018 முதல் 2020 வரை எபோலா தடுப்புப் பணி நடந்த காலத்தைப் பற்றி 2021 செப்டெம்பரில் சுயாதீன ஆணைக்குழு கொடுத்த அறிக்கையில், குற்றம் சாட்டப்பட்டவர்களாக 83 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். 21 பேர் உலக சுகாதார நிறுவனம் வேலைக்கு அமர்த்தியவர்கள். பாதிக்கப்பட்ட பெண்களில் பலரிடம் வேலை தருவதாகச் சொல்லித்தான் அணுகியிருந்தார்கள். ஒரு வருட ஒப்பந்தம், ஒரே ஒருவரின் கையெழுத்து என்று மணற்காடு முதலில் எழுதியதை அதோடு சேர்த்துப் பாருங்கள்.

முகமாலை

கண்ணிவெடி அகற்றும் பிரிவில் வேலை செய்யும் பெண். சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் அணித் தலைவி பெண், மருத்துவ உதவியாளரும் பெண். காலையில் ஒன்றாக வாகனத்தில் போகிறோம், ஒன்றாகத் திரும்புகிறோம். மலசலகூடம் தளத்தின் முதல் நாளே போடப்படும். மாதவிடாய்க் காலத்தில் அந்தப் பாரமான கவசத்துடன் முழங்காலில் நிற்க முடியாவிட்டால் தலைவியிடம் சொல்லலாம், வேறு வேலை தருவார். ஆண் தலைவராக இருந்திருந்தால் நாங்கள் சொல்லியிருக்க மாட்டோம். தீர்மானம் எடுக்கும் இடத்தில் பெண் இருந்தால் அரைவாசிப் பிரச்சினை முறைப்பாடு ஆகாமலே தீர்ந்துவிடும்.

தென்மராட்சியான்

வல்லைவெளி அக்கா, ஹெயிட்டி விடயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அதை மறுக்க முடியாது. ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ன உரிமை?

கச்சேரியடி

நியாயமான கேள்வி. குற்றச்சாட்டு என்ன என்பது அவருக்கு எழுத்தில் தெரிய வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும், சாட்சிகளைப் பெயரிட அனுமதி வேண்டும். விசாரிப்பவர் இரு தரப்புக்கும் மேலாளராக இருக்கக் கூடாது. விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவரைச் சம்பளத்துடன் விலக்கி வைக்கலாம். அது தண்டனை அல்ல. பெயர் இல்லாத கடிதத்தை மட்டும் வைத்து யாரையும் பணிநீக்கம் செய்ய முடியாது, தொழில் நியாயசபையில் அது நிற்காது. ஆனால் பெயர் இல்லை என்பதற்காகக் கடிதத்தைக் கிழித்துப் போடவும் கூடாது. விசாரிக்க அது ஒரு தொடக்கம். பெயர் போட்டால் வேலை போகாது என்ற உறுதி கிடைக்கும் நிறுவனத்தில் பெயர் இல்லாத கடிதங்கள் தாமாகவே குறையும்.

மணற்காடு

நேற்றிரவு இருந்து எழுதிய வரைவின் சாரத்தை இங்கே போடுகிறேன், திருத்துங்கள்.

ஒப்பந்தம் நீடிப்பதை இனி ஒருவர் தீர்மானிக்க மாட்டார்; மூவர் கொண்ட குழு, அதில் ஒருவர் வெளியாள், ஒருவராவது பெண். நீடிக்காவிட்டால் காரணம் எழுத்தில். முறைப்பாடு செய்தவரின் ஒப்பந்தம் விசாரணை முடியும் முன் காலாவதியாகுமானால் முடியும்வரை நீடிக்கப்படும். இரவுத் தங்கலுக்கும் இருவர் பயணத்துக்கும் ஒவ்வொரு முன்மொழிவிலும் தனி வரி. வாகனத்துக்கு ஆனையிறவு அண்ணா சொன்ன விதி. பயனாளி வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு அலுவலக இலக்கத்திலிருந்து, அலுவலக நேரத்தில் மட்டும். பட்டியலில் புள்ளி போடுவது இருவர். பெட்டிக்குப் பதிலாகத் தமிழ் பேசும் ஒரு பெண் எடுக்கும் கைபேசி இலக்கம், அத்துடன் பிரதேச செயலகப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் நேரடியாகச் சொல்லும் வழி. நிரூபிக்கப்பட்டால் இடமாற்றம் என்ற தண்டனை கிடையாது.

உடுத்துறை

அந்தக் கைபேசி இலக்கத்தைக் காகிதத்தில் மட்டும் போட வேண்டாம் பிள்ளை. எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு பெண் வந்து, ஆண்கள் இல்லாத நேரத்தில், வாயால் சொல்ல வேண்டும். என்ன கேட்டால் அது தவறு என்றும் சொல்ல வேண்டும். வீடு உங்கள் உரிமை, அதற்கு யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்பதை எங்களுக்கு இதுவரை ஒருவரும் நேராகச் சொல்லவில்லை.

தென்மராட்சியான்

வரைவில் பெரும்பாலானவற்றுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. மூவர் குழு மட்டும் நடைமுறையில் சிரமம். எங்கள் அலுவலகத்தில் மொத்தமே எட்டுப் பேர். வெளியாளுக்கு எங்கே போவது? யாராவது இலவசமாக வந்து உட்காருவார்களா?

வல்லைவெளி

சிறிய நிறுவனங்கள் நான்கைந்து சேர்ந்து ஒரு பொதுக் குழு வைத்துக்கொள்ளலாம் தம்பி. உங்கள் ஒப்பந்தங்களை எங்கள் ஆள் பார்ப்பார், எங்களுடையதை உங்கள் ஆள் பார்ப்பார். மாவட்டச் செயலகத்தில் நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் எப்படியும் எல்லோரும் சந்திக்கிறோம். பணமே தேவையில்லை, அரை நாள் தேவை. நான் ஓய்வுபெற்றுவிட்டேன், என்னை முதல் ஆளாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மணற்காடு

அக்கா, உங்கள் பெயரைக் குறித்துக்கொண்டேன். இயக்குநர் சபை அடுத்த வாரம் கூடுகிறது. ஒப்பந்தப் பிரிவை வெட்டச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன், அதை விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமில்லை. வேறு நிறுவனங்களில் இருந்து பொதுக் குழுவுக்கு வர விரும்புபவர்கள் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள்.